பாக்கெட் ரேடியோ: டிஜிபீட்டரா, நெட்ராம் கணுவா?

பாக்கெட் ரேடியோ என்பது எழுத்துச் செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி வானொலியில் அனுப்பும் முறை. இதில் நேரடியாக எட்டாத நிலையத்துக்குச் செய்தி அனுப்ப எந்த வழி? புதிதாக வரும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

முகவரி
டிஜிபீட்டர் (கேட்ட பொட்டலத்தை அப்படியே மறுபடி ஒலிபரப்பும் இடைநிலையம்): இடையில் உள்ள ஒவ்வொரு நிலையத்தின் அழைப்புக்குறியையும் (அடையாளப் பெயர்) நீங்களே வரிசையாகக் கொடுக்க வேண்டும். பாக்கெட் ரேடியோவின் நெறிமுறையான ஏஎக்ஸ்.25இன், 1984இல் வந்த இரண்டாம் பதிப்பு 8 நிலையங்கள் வரை அனுமதிக்கிறது.
நெட்ராம் (வழியைத் தானே தேடும் வலையமைப்பு மென்பொருள்; அது இயங்கும் இடைநிலையமே கணு): அருகிலுள்ள கணுவில் இணைந்து, சேர வேண்டிய கணுவின் பெயரைச் சொன்னால் போதும். கணுக்கள் தங்களுக்குத் தெரிந்த வழிகளை அவ்வப்போது ஒலிபரப்பும். 0 முதல் 255 வரையான தர எண்ணை வைத்து நல்ல வழியைத் தேர்ந்தெடுக்கும்.

நம்பகம்
உண்மையான வித்தியாசம் இங்கேதான். டிஜிபீட்டர் கேட்டதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். பெற்றுக்கொண்டேன் என்ற பதில் கடைசி நிலையத்திலிருந்துதான் வர வேண்டும். மூன்று டிஜிபீட்டர், அதாவது ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு என நான்கு தாவல். ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் வெற்றி என்று வையுங்கள். செய்தி சேரும் வாய்ப்பு 41 சதவீதம். பதிலும் திரும்பி வர வேண்டுமே? 17 சதவீதம்தான். தவறினால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும், அலைவரிசை நெரியும்.
நெட்ராமில் ஒவ்வொரு தாவலுக்கும் தனி ஒப்புகை (பெற்றுக்கொண்டேன் என்ற பதில்) உண்டு. தவறிய தாவல் மட்டும் மறுபடி நடக்கும்.

செலவு
உங்களுக்கு இரண்டுக்கும் அதே கருவிதான். ஆனால் கணுவை யாராவது பராமரிக்க வேண்டும். தர எண்ணைத் தப்பாக வைத்தால் செய்தி எங்கெங்கோ சுற்றும்.

இடையில் ஒரே ஒரு நிலையம், அதாவது இரண்டு தாவல் என்றால் டிஜிபீட்டர் போதும். ஒப்புகை தேவைப்படாத ஏபிஆர்எஸ் (நிலையம் எங்கே இருக்கிறது என்று அறிவிக்கும் முறை) இருப்பிடத் தகவலுக்கும் அதுவே சரி. இரண்டு தாவலைத் தாண்டி உரையாடவோ செய்திகளைச் சேமித்து வைக்கும் அஞ்சல் பெட்டியைத் திறக்கவோ வேண்டுமா? தயங்காமல் கணுவுக்குப் போங்கள்.