கம்ப்ரஷன் கேஜும் ஒரு நோட்டும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

என்ஜின் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை 2016-இல் வாங்கினேன். அது இன்னும் என் கார் டிக்கியில்தான் இருக்கிறது. ஸ்பார்க் பிளக் துளையில் ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கும் வகை அல்ல, 14 மி.மீ. மரையில் திருகிப் பொருத்தும் வகை. தனியாக வேலை செய்பவர்கள் இதையே வாங்குங்கள். ஒரு கையால் கேஜை அழுத்திக்கொண்டு மறு கையால் சாவியைத் திருக முடியாது.

வாங்கிய வாரமே என் நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரில் அளந்து நோட்டில் எழுதினேன்: 182, 180, 178, 181 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). அப்போது வண்டியில் எந்தக் குறையும் இல்லை. அன்று எழுதி வைத்ததுதான் பின்னாளில் என் என்ஜினைக் காப்பாற்றியது.

எல்பிஜி பொருத்தி மூன்று ஆண்டுகள் ஓடிய பிறகு, 2021-இல் ஐடிலில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் ஓடும் நிலையில்) ஒரு நடுக்கம் வந்தது. அளந்தேன்: 172, 170, 118, 171. குறைந்த சிலிண்டர், அதிகமானதில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது பரவலான கணக்கு. என்னுடையது 69. பட்டறையில் அந்த 118-ஐக் கேட்டதுமே, "ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்றார்கள். ரிங் என்பது அழுத்தம் கசியாமல் பிஸ்டனைச் சுற்றி அடைப்பது. எனக்கு மனம் ஒப்பவில்லை. கசிகிறது என்பதைத்தான் 118 சொல்கிறது. எங்கே கசிகிறது என்பதை முள் ஏறும் விதத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுழற்றி அளக்கும்போது, பிஸ்டன் ஒருமுறை மேலேறி அழுத்துவது ஓர் அடி. ரிங் தேய்ந்த சிலிண்டரில் முதல் அடியில் முள் தாழ்வாக நிற்கும். பிறகு ஒவ்வொரு அடிக்கும் படிப்படியாக மேலேறும். வால்வு கசிந்தால் முதல் அடியும் தாழ்வு, அடுத்தடுத்த அடிகளிலும் பெரிதாக ஏறாது. என் மூன்றாவது சிலிண்டர் இரண்டாம் வகையாக இருந்தது. உறுதி செய்துகொள்ள, பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தேன். 122. ஆயில் ரிங்கின் இடுக்கைத் தற்காலிகமாக அடைக்கும். குற்றம் ரிங்கில் என்றால் முள் நன்றாக ஏறியிருக்க வேண்டும். (அளவுக்கு மீறி ஊற்றாதீர்கள். ஆயிலே இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தைப் பொய்யாக உயர்த்திவிடும்.) இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருந்தால் பக்கத்து சிலிண்டரும் சேர்ந்து விழும். அதுவும் இல்லை.

வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டின் மூடியைத் திறந்தேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வில், இடைவெளி அளக்கும் மிக மெல்லிய ஃபீலர் தகடுகூட நுழையவில்லை. காஸில் ஓடும் என்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் வளையம் தேய்ந்து, வால்வு உள்வாங்கிவிடுவது உண்டு. அப்போது டேப்பெட் இடைவெளி மறைந்துபோகும். வால்வு முழுதாக மூடாது. கையேட்டில் உள்ளபடி இடைவெளியை வைத்து அளந்தபோது 160. ஒரு வாரம் ஓட்டியபின் 166. நடுக்கம் நின்றது. என்ஜினை இறக்கச் சொன்ன நோய்க்கு ஒரு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் போதுமானதாக இருந்தன.

கேஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் குழாய் முனையில், டயரில் இருப்பதைப் போன்ற சிறு வால்வு ஒன்று உண்டு. அது பழுதானபோது டயர் வால்வையே வாங்கிப் போட்டேன். நான்கு சிலிண்டரும் ஒரே சீராக 25, 30 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டின. டயர் வால்வின் ஸ்பிரிங் கடினமானது. கேஜுக்கு மெல்லிய ஸ்பிரிங் உள்ள தனி வால்வு வேண்டும். அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: நான்கும் சேர்ந்து குறைந்தால் என்ஜினைச் சந்தேகிக்கும் முன் அளந்த முறையைச் சந்தேகிப்பேன். பாட்டரி முழுச் சார்ஜில் இருந்ததா, நான்கு பிளக்குகளையும் கழற்றினோமா, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தோமா, என்ஜின் சூடாக இருந்ததா என்று பார்த்துவிட்டு மறுபடி அளப்பேன். இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்துவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். இதில் அலட்சியமே கூடாது.

ஊட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர், "நான்கிலும் 140தான் வருகிறது" என்று பதறி அழைத்தார். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. கடல் மட்டத்தில் 180 காட்டும் என்ஜின் அங்கே ஏறத்தாழ அவ்வளவுதான் காட்டும். அவர் வண்டி நலமாக இருந்தது.

இந்த ஆண்டு என் நோட்டில்: 168, 167, 159, 168. டேப்பெட்டை 10,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்கிறேன். மூன்றாவதில் மட்டும் ஒவ்வொரு முறையும் இடைவெளி சற்றுக் குறைந்திருக்கிறது. திருகில் இன்னும் இடமிருக்கிறது. அது தீரும்போது ஹெட்டை மட்டும் கழற்றி, வால்வு அமரும் அந்த வளையத்தை மாற்றிவிடுவேன்.