ஜாம் அறிக்கையா, சுற்றுச்சூழல் அறிக்கையா?

பக்கத்து நிலத்தில் கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) வரப்போகிறது என்றால் கோலாலம்பூரின் செந்தூலில் முதலில் எழும் கேள்வி, "ஜாம், அதாவது சாலை நெரிசல், என்னாகும்?" அதற்குப் பதில் சொல்வது போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு. காலை, மாலை நெரிசல் நேரத்தில் சந்திப்புகளில் வண்டிகளை எண்ணி, புது வீடுகளின் கார்களையும் கூட்டி, சாலைக்கு 'ஏ' முதல் 'எஃப்' வரை தரம் போடுவார்கள். எஃப் என்றால் வண்டி ஊரும். அறிக்கை திட்ட அனுமதி மனுவோடு கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்லுக்குப் போகும்; பினாங்கில் மாநகர் மன்றத்துக்கு.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேறு ரகம். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவுப்படி முடிவு சுற்றுச்சூழல் துறையின் கையில். எல்லாக் கட்டடத்துக்கும் தேவையில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2015 ஆணையின் பட்டியலில் இருந்தால்தான். பினாங்கின் தென்கரையில் கடலைத் தூர்க்கும் திட்டம் போன்ற பெரியவை இரண்டாம் அட்டவணையில் வரும். அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், நாமும் கருத்து எழுதிக் கொடுக்கலாம்.

இரண்டுக்கும் செலவு மேம்பாட்டாளருடையது. (அறிக்கை தயாரிக்கும் ஆலோசகருக்குக் காசு கொடுப்பவரும் அவரே, அது தனிக் கதை.) ஒற்றைக் கோபுரக் கொண்டோ என்றால் நான் முதலில் கேட்பது ஜாம் அறிக்கையைத்தான். அதிலும் வண்டி எண்ணிய தேதியைப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் எண்ணினால் எந்தச் சாலையும் காலிதான்.