வேன் சோலாருக்கு ரெண்டு ட்யூபுலரா, ஒரு லித்தியமா?

எங்க வண்டி பழைய ட்ராவலர். கரூர்ல பாடி கட்டுற ஒரு பட்டறையில குடுத்து உள்ள கட்டில், சின்ன கிச்சன், தண்ணி டேங்க்னு எல்லாம் போட்டு எடுத்தோம். அம்மாவும் கூட வருவாங்க, அவங்களுக்கு இன்சுலின் இருக்கு, அதனால ஃப்ரிட்ஜ் ராத்திரி பகலா ஓடியே ஆகணும். மத்ததெல்லாம் இல்லாம கூட ஒரு நாள் ஓட்டிடலாம், அது மட்டும் நிக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்த மனசுல வச்சுதான் நான் கீழ சொல்றதெல்லாம், உங்க தேவை வேறன்னா கணக்கும் மாறும்.

மொதல்ல நாங்க போட்டது 330 வாட் பேனல் ஒண்ணு, 150 ஏஹெச் (ஆம்பியர் அவர், பேட்டரி எவ்வளவு கொள்ளும்ங்கற அளவு) ட்யூபுலர் பேட்டரி ரெண்டு, வீட்டு இன்வெர்ட்டருக்கு போடுற அதே லெட் ஆசிட் பேட்டரிதான். ஏழு மாசம் ஓட்டுனோம். அப்புறம் பேனல் ரெண்டாக்கி, கடைசியா பேட்டரியையும் கழட்டிட்டு 200 ஏஹெச் லித்தியம் (இரும்பு பாஸ்பேட் வகை) போட்டு ஒன்றரை வருஷமாச்சு. ரெண்டையும் ஓட்டிப் பாத்தவன்ங்கறதால சொல்றேன், தினமும் வண்டியிலயே தங்குறவங்களுக்கு லித்தியம்தான்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 50 வாட் இழுக்கும், நம்ம ஊர் வெயிலுக்கு பாதி நேரம் ஓடுதுன்னு வச்சா ஒரு நாளைக்கு 600 வாட் அவர் (வாட்ட மணி நேரத்தால பெருக்கினது). 20 வாட் டிசி ஃபேன் ரெண்டு, எட்டு மணி நேரம், அது 320. லேப்டாப், போன், லைட், தண்ணி மோட்டார் எல்லாம் சேத்து ஒரு 250. ஆக 1200 கிட்ட வந்துரும். இதுல பல பேர் விட்டுடுறது இன்வெர்ட்டர், ஒண்ணும் மாட்டாம சும்மா ஆன்ல இருந்தாலே 10, 15 வாட் திங்கும், நாள் முழுக்க விட்டா 300 வாட் அவர் அப்படியே போயிடும். நாங்க மிக்ஸி போடுற அஞ்சு நிமிஷம் மட்டும் ஆன் பண்ணிட்டு ஆஃப் பண்ணிடுவோம். இண்டக்ஷன் அடுப்பு பத்தி யோசிக்கவே வேண்டாம், சமையலுக்கு கேஸ்தான்.

இப்ப பேட்டரி. ரெண்டு 150 ட்யூபுலர்னா 12 வோல்ட்டால பெருக்கி பேப்பர்ல 3600 வாட் அவர், ஆனா பாதிக்கு மேல எறக்கினா ஆயுசு கொறஞ்சிடும், அதனால நம்ம கையில இருக்கறது 1800. லித்தியம் 200 ஏஹெச், அதுக்கு 12.8 வோல்ட், 2560, அதுல 90 சதவீதம் தைரியமா எடுக்கலாம், 2300. எடைன்னு பாத்தா ட்யூபுலர் ரெண்டும் சேந்து 110 கிலோவுக்கு மேல, லித்தியம் 25 கிலோ பக்கம். விலை அப்படியே தலைகீழ், எங்களுக்கு ட்யூபுலர் ரெண்டும் 32 ஆயிரத்துக்கு முடிஞ்சது, லித்தியம் அதைவிட டபுள். டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறது, கட்டிலுக்கு அடியில ஆசிட் வாடை, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விடுங்க.

ஆனா என்னை மாத்த வச்சது எடையும் இல்ல, எவ்வளவு ஆழமா எறக்கலாம்ங்கறதும் இல்ல. பேட்டரி ஃபுல்லா ஆகுதாங்கற ஒரே கேள்விதான்.

வீட்டுல இதே ட்யூபுலர் அஞ்சாறு வருஷம் வருது, எங்க வீட்டுலயும் வந்துச்சு. அதனாலதான் நம்பி வாங்குனேன். வீட்டுல அதுக்கு என்ன வேலை? கரண்ட் போனா ஒரு மணி நேரம் ஓடும், கரண்ட் வந்ததும் ராத்திரி முழுக்க ஈபி கரண்ட்ல பொறுமையா ஏறி ஃபுல்லா உக்காந்திருக்கும். வேன்ல அப்படி இல்ல, தினமும் ராத்திரி எறங்கணும், மறுநாள் சாயங்காலத்துக்குள்ள வெறும் வெயில்ல ஏறணும். லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரைக்கும் வேகமா ஏறும், கடைசி 20 சதவீதத்துக்கு நாலஞ்சு மணி நேரம் கேக்கும், அவசரப்படுத்தவும் முடியாது. ஃபுல்லாகாமயே நாள் கணக்கா ஓட்டினா உள்ள இருக்கற ஈயத் தட்டுல சல்பேட் படிஞ்சு கெட்டியாகி, அந்த அளவுக்கு பேட்டரி உள்ளயே சுருங்கிப் போயிடும்.

எங்களுக்கு நடந்தது அதான். 330 வாட் பேனல் கூரையில படுக்க வச்சது, நல்ல வெயில்ல நாலரை மணி நேர முழு வெயில் கணக்கு, சூடு, தூசி, ஒயர் நஷ்டம் போக 1100 வாட் அவர் வரும். அதுலயும் லெட் ஆசிட் ஏறும்போதே 15, 20 சதவீதம் வீணாகும். செலவு 1200, வரவு 900. பேட்டரி பெருசா இருந்ததால மொத சில நாள் ஒண்ணும் தெரியல, அதான் ஏமாத்திடுச்சு.

வால்பாறைல சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவுல நிறுத்தியிருந்தோம், விடிகாலை அஞ்சு மணிக்கு ஃப்ரிட்ஜ்ல கீ கீன்னு சத்தம், மீட்டர்ல 11.4 வோல்ட், பேட்டரி கிட்டத்தட்ட காலி. அம்மா எழுந்து ஒண்ணும் சொல்லல, இன்சுலின் பேனாவ எடுத்து ஈரத்துணில சுத்தி மண்பானைக்குள்ள வச்சாங்க. பாக்கவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சரி பேனல் பத்தலைன்னு ரெண்டாவது பேனல் மட்டும் போட்டு பேட்டரிய அப்படியே வச்சுப் பாத்தேன். அப்பதான் முழுசா புரிஞ்சது. தனுஷ்கோடி பக்கம், மத்தியானம் பன்னண்டரை மணி, நிழல்னு ஒண்ணு இல்ல, தலைக்கு மேல சூரியன், 660 வாட் பேனல், கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜ பாத்துக்கற பெட்டி) டிஸ்ப்ளேல பாத்தா 85 வாட். பேட்டரி 14.4 வோல்ட்டுக்கு வந்துடுச்சு, இனிமே ஆறு ஆம்பியர்தான் வாங்குவேன்னு உக்காந்துடுச்சு. வெயில் இருக்கற நேரத்துல வாங்க மாட்டேங்குது, அது வாங்கி முடிக்கறதுக்குள்ள வெயில் போயிடுது. இன்னும் ரெண்டு பேனல் போட்டாலும் இதுக்கு வழி கிடையாது. லித்தியத்துல அந்தப் பிரச்சனையே இல்ல, 95 சதவீதம் தாண்டுற வரைக்கும் குடுக்கறதெல்லாம் வாங்கும், அப்படியே ஃபுல்லாகாம 70லயே கெடந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. மேகம் மூடுன நாள் கழிச்சு வெயில் அடிக்க ஆரம்பிச்சா போதும், மறுபடி நிமிந்துடுது.

அதனால பேட்டரி எவ்வளவு பெருசுன்னு தொடங்காதீங்க, தினமும் எடுக்கறத ஒரே நாள் வெயில்ல திருப்பி வைக்க எத்தனை வாட் பேனல் வேணும்னு தொடங்குங்க. எங்களுக்கு 660ல நல்ல நாள் 2200 வருது, மப்பு நாள்ல அதுல கால்வாசிதான்.

பேனல்ல ரெண்டு விஷயம் கண்டிப்பா சொல்லணும். கன்ட்ரோலர் எம்பிபிடிதான் வேணும், பேனலோட அதிக வோல்ட்ட பேட்டரிக்கு ஏத்த மாதிரி ஆம்பியரா மாத்திக் குடுக்கற வகை அது. 330 வாட் பேனல் வேலை செய்யறது 37 வோல்ட்ல, ஒன்பது ஆம்பியர். விலை கம்மின்னு அப்படி மாத்தத் தெரியாத பிடபிள்யூஎம் வகை போட்டா அதே ஒன்பது ஆம்பியர் 13 வோல்ட்ல போகும், 120 வாட் கூட தேறாது. கடையில எனக்கு மொதல்ல குடுத்தது அதான், மூணு வாரம் கழிச்சுதான் கண்டுபிடிச்சேன். அப்புறம் நிழல், ஒரு சின்ன கிளை விழுந்தாலே பேனல்ல மூணுல ஒரு பாகம் படுத்துடும், அதனால ரெண்டையும் பேரலல்லதான் கோத்திருக்கேன், ஒண்ணு மேல நிழல் விழுந்தா இன்னொண்ணாவது முழுசா குடுக்கும்.

வண்டி ஓடும்போது ஏத்தறதுக்கு லித்தியத்த ஆல்டர்னேட்டர்ல (எஞ்சின் ஓடும்போது கரண்ட் எடுத்துக் குடுக்கறது) நேரா மாட்டிடாதீங்க, அது கேக்கற வேகத்துக்கு ஆல்டர்னேட்டர் சூடேறி போயிடும். நடுவுல 30 ஆம்பியருக்கு மேல இழுக்க விடாத டிசி-டிசி சார்ஜர் போட்டோம், ரெண்டு மணி நேரம் ஓட்டினா 60 ஏஹெச். மழை நாள்ல எங்கள காப்பாத்துறது இதான்.

ட்யூபுலருக்கும் எடம் இருக்கு. மாசத்துல ரெண்டு நாள்தான் கெளம்புவோம், லைட்டும் ஃபேனும் போதும், மத்த நாள்ல வண்டி வீட்டு வாசல்ல சார்ஜர்ல கெடக்கும்னா தாராளமா அதையே போடுங்க, அது வீட்டு இன்வெர்ட்டர் மாதிரியே நிம்மதியா இருக்கும். செத்தாலும் பழைய பேட்டரிக்கு கையில காசு குடுத்து எடுத்துக்கறாங்க, எந்த ஊர்லயும் கிடைக்கும். லித்தியம் நடு வழியில போனா அடுத்த ஊர் கடையில கிடைக்கும்னு சொல்ல முடியாது. அது எட்டு பத்து வருஷம் வரும்னு சொல்றாங்க, எங்களுது ஒன்றரை வருஷம்தான் ஆகுது, அதுவரைக்கும் குறை இல்ல, அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். பூஜ்யம் டிகிரிக்கு கீழ லித்தியத்த சார்ஜ் பண்ணக் கூடாது, லடாக் போறவங்க அந்தக் குளிர்ல சார்ஜ கட் பண்ற பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ளயே இருக்கற காவல் சர்க்யூட்) இருக்கான்னு கேட்டு வாங்குங்க, நாங்க ஊட்டிய தாண்டி குளிர் பாத்ததில்ல.

லித்தியம் போட்டா வோல்ட் மீட்டர நம்பாதீங்க. 13.2 காட்டும், அது 70 சதவீதமாவும் இருக்கலாம், 45ஆவும் இருக்கலாம். நெகட்டிவ் ஒயர்ல ஷண்ட் (உள்ள போற, வெளிய வர்ற ஆம்பியர அளக்கறது) வச்ச பேட்டரி மானிட்டர் ஒண்ணு சேத்து வாங்குங்க. எங்களுது ஃப்ரிட்ஜுக்கு மேலயே மாட்டியிருக்கு, காலைல காபி போடறதுக்கு முன்னாடி அம்மா அதப் பாத்து "அறுபத்தி ரெண்டு இருக்குடா"ன்னு சத்தமா சொல்லிட்டுத்தான் அடுப்ப பத்த வைப்பாங்க.