பத்து மணி மாத்திரை பன்னிரண்டு மணிக்கு

இந்த முறை கடலூருக்குப் போய் வந்ததில் எழுத வேண்டியது ஒன்றுதான்: அப்பாவின் பத்து மணி மாத்திரை.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். நடுக்குவாதம் என்றதும் கை நடுங்குவதுதான் நோய் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அப்பாவுக்கு நடுக்கம் கொஞ்சம்தான். உடம்பு இறுகிப்போவதும், வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்வதும்தான் பெரிய தொல்லை. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது இது. டோபமைனை நேராகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதனால் உள்ளே போய் டோபமைனாக மாறும் லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். வழியிலேயே சிதையாமலிருக்கக் கார்பிடோபாவும் அதோடு சேர்ந்திருக்கும். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து பாதியாகிவிடும். அப்பாவைப் போல நோய் முற்றியவர்களுக்கு அடுத்த மாத்திரை தள்ளிப்போனால் உடம்பு நின்றுவிடும். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. இதுதான் அவர் கணக்கு.

சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேஸ் ஷீட்டில் ‘1-1-1, சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதினார்கள். மறுநாள் மணி பத்தரை ஆயிற்று, மாத்திரை வரவில்லை. நர்ஸிடம் போய்க் கேட்டேன்.

“ரவுண்ட்ஸ் முடியட்டும்க்கா. மதியம் எல்லாருக்கும் சேர்த்துதான் கொடுப்போம்.”

பதினோரு மணிக்கு அப்பாவால் புரண்டு படுக்க முடியவில்லை. குரல் உள்ளே போய்விட்டது, எச்சில் வழிந்தது. படுக்கை விரிப்பை மாற்ற வந்த ஆயாம்மா, “தாத்தா ரொம்பப் பிடிவாதம் பிடிக்கிறாரு” என்றார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஒரு ஷிப்டுக்குக்கூடத் தாமதமாகப் போகாத மனிதர் அவர். காதில் அது விழுந்ததும் முகம் சுருங்குவதற்குக்கூட இடமில்லாமல் முகமும் இறுகிக் கிடந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பன்னிரண்டு மணிக்கு மாத்திரை வந்தது, சாம்பார் சாதமும் முட்டையும் முடிந்த பிறகு. புரதம் குடலிலும் மூளை வாசலிலும் லெவோடோபாவோடு போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டியது அது. மாலையில் வாந்தி வந்ததும் மெட்டோகுளோபிரமைடு ஊசி எழுதினார்கள். டோபமைன் வேலையையே தடுக்கும் மருந்து, பார்க்கின்சன்காரர்களுக்கு ஆகாது. நின்று வாதாடிய பிறகு டியூட்டி டாக்டர் சரிபார்த்துவிட்டு ஒன்டான்செட்ரான் என்ற வேறு வாந்தி மருந்தாக மாற்றினார்.

நான் இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டரில். அங்கே சிகிச்சைக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பு 2018-ல் வெளியிட்ட தர விதி, மருத்துவமனையில் இருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு அவருடைய நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் லெவோடோபா கிடைக்க வேண்டும் என்கிறது. எல்லா வார்டிலும் அப்படி நடந்துவிடுவதில்லை. ஆனால் கையில் காட்டிக் கேட்க ஒரு விதி இருக்கிறது. அதே சமயம் அங்கே நரம்பியல் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; புதுச்சேரியில் அப்பாவுக்கு அதே வாரம் பார்க்க முடிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சின்ன வயதில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் டாக்டரின் கம்பவுண்டர், மிக்சர் பாட்டிலில் பல்பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவார். ஒரு வேளைக்கு ஒரு பல். அந்த மூன்று வேளைப் பழக்கம் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் போதும். அதையே பார்க்கின்சனுக்கும் வைத்திருப்பதுதான் தாங்க முடியவில்லை. இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரவு ஷிப்டுக்கு ஒரு சிஸ்டர் வந்தார். சின்னப் பெண். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேஸ் ஷீட்டின் மேலே நான்கு நேரத்தையும் சிவப்பு மையில் எழுதினார். தன் போனிலேயே அலாரம் வைத்துக்கொண்டார். காலையில் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, “இந்தத் தாத்தாவுக்கு மட்டும் கரெக்டா பத்து மணி, மறந்துடாதீங்கக்கா” என்று என் முன்னாலேயே சொன்னார். அன்று பத்து மணிக்கு மாத்திரை வந்தது. பதினோரு மணிக்கு அப்பா தானாக எழுந்து உட்கார்ந்தார்.

அப்புறம் பிசியோதெரபி தம்பி வந்து, குளியலறை வாசலில் வெள்ளை டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டினார். மூளை தானாக நடத்தும் நடை தடுமாறும்போது, கண்ணால் கோட்டைப் பார்த்துத் தாண்டுவதற்கு வேறு வழி வேலை செய்யுமாம். அப்பா ஒவ்வொரு கோடாகத் தாண்டிப் போனார்.

கேஸ் ஷீட்டில் மணி எழுத ஒரு கட்டம் வையுங்கள் என்று அந்த மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பார்க்கின்சன் உள்ளவர்களை எங்கே சேர்த்தாலும் மாத்திரை நேரத்தையும் ஆகாத மருந்துகளின் பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் சொல்லுங்கள், சலித்துக்கொண்டாலும் சொல்லுங்கள்.