கெட்டி அட்டை கேம் கைடு: வாங்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

ஒரு பெரிய ரோல்-பிளேயிங் வீடியோ கேமுக்கு, அதை எப்படி ஆடி முடிப்பது என்று சொல்லும் கலெக்டர்ஸ் எடிஷன் ஸ்ட்ராட்டஜி கைடு வாங்கினேன். கெட்டி அட்டை, வழவழ தாள், மடித்து வைத்த பெரிய மேப். கேமை விடப் புத்தகத்தின் விலை அதிகம். "இது இருந்தால் வேறெதுவும் தேவையில்லை" என்று விளம்பரம் சொன்னது. நம்பி வாங்கினேன்.

மூன்றாவது பாஸிடமே, அதாவது கட்டத்தின் பெரிய எதிரியிடமே, சிக்கல் ஆரம்பித்தது. நெருப்பால் அடித்தால் சீக்கிரம் சாய்ந்துவிடும் என்று கைடில் இருந்தது. கேமில் சேர்த்த காசையெல்லாம் நெருப்பு வாளை மேம்படுத்தக் கொட்டினேன். பாஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அப்புறம் பேட்ச் (கேம் வெளியான பிறகு வரும் திருத்தம்) குறிப்புகளைத் தேடிப் படித்தால், கேம் வெளியான இரண்டாவது வாரமே அதன் பலவீனத்தை மாற்றியிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில், ஒரு சைடு குவெஸ்டில் (முக்கியக் கதைக்கு வெளியே வரும் கிளைப் பணி), தவறான வரிசையைச் சொல்லியிருந்ததால் முக்கியமான கதாபாத்திரம் ஒன்று நிரந்தரமாகப் போய்விட்டது. பன்னிரண்டு மணி நேர ஆட்டம் வீண். அதுதான் ரொம்ப வலித்தது.

கேம் வெளியாகும் நாளிலேயே புத்தகமும் கடைக்கு வர வேண்டுமென்றால், பல வாரங்களுக்கு முன்பே அச்சுக்குப் போயாக வேண்டும். எழுதுபவர்கள் கையில் இருப்பது முழுமையடையாத கேம். முதல் நாள் பேட்ச் வந்ததுமே சில பக்கங்கள் செல்லாமல் போய்விடும். எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு.

என்னை உண்மையில் ஏமாற்றியது வேறு. தொடர்ந்து அப்டேட் ஆகும் டிஜிட்டல் பதிப்பைத் திறக்கும் குறியீடு (கோடு) உள்ளே இருப்பதாக அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அது காலாவதியாகியிருந்தது. அந்தத் தேதி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, உறையைப் பிரித்தால்தான் தெரியும். திருப்பிக் கொடுக்கப் போனால், "உறை பிரித்ததை எடுக்க மாட்டோம்" என்றார் விற்றவர். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். பதிலே இல்லை.

விலை கொடுத்து வாங்கியவரை அலையவிடுவது புதிதும் அல்ல. 2000-ல் ஃபைனல் ஃபேண்டஸி 9 கேமுக்கு வந்த அதிகாரபூர்வ கைடு, பல விவரங்களைப் புத்தகத்தில் தராமல், ஒரு குறிச்சொல்லைக் கொடுத்து இணையதளத்தில் போய்ப் பார்க்கச் சொன்னது.

எல்லா கைடும் வீண் என்று சொல்ல மாட்டேன். கார்ட்ரிட்ஜ் (கேம் பதிந்த சிறு பெட்டி) காலத்து கேம்களுக்கு பேட்ச் கிடையாது. அவற்றுக்குச் சரியாக எழுதிய புத்தகம் இன்றும் சரிதான். ஓவியங்களுக்காக வாங்குவதும் நல்ல காரணமே. ஆனால் புது கேம் என்றால், டிஎல்சி (பிறகு வரும் கூடுதல் பகுதிகள்) எல்லாம் வந்து முடியும்வரை பொறுங்கள். எந்த பேட்ச் வரை சேர்த்து எழுதியது, கோடு எந்தத் தேதி வரை செல்லும், உறை பிரித்தாலும் திரும்ப எடுப்பார்களா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தப் புத்தகம் வேண்டாம்.