போர்வை ஓரத்துக்குப் பட்டி: கிராஸா, நேரா, கண்டாங்கிக் கரையா?

செட்டிநாட்டு வெயிலுக்கு ரஜாய் (நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. மார்கழியில் நாலு நாள் போர்த்துவோம், மற்றபடி எங்கள் வீட்டில் அது விரிப்புதான். மதியம் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) விரித்துப் படுப்பது, ஆள் வந்தால் முகப்பில் போடுவது, பேரப்பிள்ளைகள் வந்துவிட்டால் அதன் மேலேயே சாப்பாடு, சண்டை எல்லாம். இப்படிப் புழங்கும் துணியில் முதலில் தேய்வது நடுப்பகுதி இல்லை, ஓரம். அதனால் ஒட்டுத்துணி சேர்த்த அழகை விட்டுவிட்டு ஓரப்பட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மூன்று விதமாகப் பட்டி வைத்த போர்வைகள் சில வருடமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒன்றில் பாப்ளின் துணியை நேராக வெட்டிய பட்டி. இன்னொன்றில் முந்தானை கிழிந்த பழைய கண்டாங்கியின் (எங்கள் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்திச் சேலை) உடலைக் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய பட்டி. மூன்றாவதில் அதே சேலையின் கரை. (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலையைக் கத்தரியால் தொடலாமா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: புதுசை நானும் தொடமாட்டேன்.)

அளவைச் சொல்லிவிடுகிறேன். 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் போர்வை என்றால் சுற்றளவு 300. மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 312 அங்குல நீளப் பட்டி வேண்டும். அகலம் 2½ அங்குலம். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டுவிட்டால் ஓரத்தில் இரட்டைத் துணி உட்காரும். 44 அங்குலப் பன்னா (அகலம்) துணியில் நேராக வெட்டினால் 60 செ.மீ. போதும்; கிராஸ் என்றால் ஒரு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். "கிராஸா வெட்டினா துணியத் தின்னுமே ஆச்சி" என்றார் எங்கள் தையல்காரர். தின்னத்தான் செய்யும். துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போது மூலைவாட்டில் தையுங்கள். நேர்க்கோட்டில் தைத்தால் அத்தனை மடிப்பும் ஒரே இடத்தில் சேர்ந்து புடைத்துக்கொண்டு நிற்கும்.

போர்வையின் ஓரத்தை வெட்டி ஒழுங்குபடுத்த அளவுகோலைவிட ஆத்தங்குடிக் கல் பதித்த தரை உதவும். ஒரு பக்கத்தைக் கல் சேரும் கோட்டோடு பொருத்தி விரித்தால், மற்ற பக்கம் எங்கே கோணுகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தையலை மூலையில் தொடங்கக் கூடாது. ஒரு பக்கத்தின் நடுவில், பட்டியில் ஒரு சாண் தைக்காமல் விட்டுவிட்டு, மேல்பக்கம் ஓரத்தோடு ஓரம் வைத்துக் கால் அங்குலத்தில் தைத்துக்கொண்டு போக வேண்டும். என்னுடையது மிதி மிஷின்தான். 16-ஆம் நம்பர் ஊசியும் கொஞ்சம் பெரிய தையலும் போதும். கிராஸ் பட்டி இழுத்தால் நீளும் என்பதால் கையால் இழுக்காமல் சும்மா வழிகாட்டினால் சரி. இழுத்துத் தைத்தால் போர்வையின் ஓரம் சுருங்கிவிடும்.

எல்லோரும் திணறுவது மூலையில். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, பின்தையல் ரெண்டு போட்டு நூலை வெட்டிவிடுங்கள். போர்வையைத் திருப்பிப் பட்டியை மேல்நோக்கி மடித்தால் 45 பாகையில் ஒரு மடிப்பு விழும். அதை விரலால் அமுக்கிக்கொண்டு, அதன் மேலேயே பட்டியைக் கீழே இறக்குங்கள். மேலே நிற்கும் மடிப்பு போர்வையின் ஓரத்தோடு சரியாக ஒட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து திரும்பத் தையல். படித்தால் குழப்பும், ஒரு காகிதப் பட்டியை மடித்துப் பார்த்தால் உடனே புரியும். கடைசியில் இரண்டு முனையும் சந்திக்கும்போது, பட்டியின் அகலம் அளவுக்கு, அதாவது 2½ அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வெட்டி, மடிப்பை விரித்து மூலைவாட்டில் சேர்த்துவிட்டால் எங்கே முடித்தோம் என்று நமக்கே தெரியாது.

அப்புறம் பட்டியைப் பின்பக்கம் திருப்பி, மிஷின் தையலை மூடும் இடத்தில் கையால் ஹெம்மிங். ரவிக்கைக்கு ஹெம்மிங் செய்தவர்களுக்கு இது புது வேலை இல்லை. ஊசி பின்துணியையும் நடுவிலுள்ள பஞ்சையும் மட்டும் தொட வேண்டும், முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. மூலையில் முன்பக்க மடிப்பு ஒரு திசையில் இருந்தால் பின்பக்கத்தை எதிர்த் திசையில் மடியுங்கள், தடிமன் இரண்டு பக்கமும் பங்கு பிரிந்துவிடும். சாணுக்கு ஒரு முறை நூலை முடிந்துவிடுவதும் முக்கியம். கால்விரல் மாட்டி ஒரு இடத்தில் அறுந்தாலும் அந்தச் சாணோடு நின்றுவிடும்.

பாப்ளின் நேர்ப்பட்டியில் ஹெம்மிங்குக்குச் சோம்பல்பட்டுப் பின்பக்கமும் மிஷினிலேயே ஓட்டினேன். தையல் உறுதிதான், துவைகல்லில் அடித்தும் விடவில்லை. ஆனால் பின்பக்கம் கோடு பட்டிக்குள்ளும் வெளியிலுமாக அலைகிறது. அதைவிட, மடிப்பு விழுந்த விளிம்பில் துணி நெட்டுக்குக் கீறிக்கொண்டு வருகிறது. காரணம் எளிது. நேராக வெட்டிய துணியில் விளிம்பு முழுக்க ஒரே இழையின் மேல் நிற்கிறது. அந்த இழை தேய்ந்தால் கோடு முழுக்கப் போச்சு. கிராஸில் விளிம்பைத் தாண்டி எத்தனையோ இழைகள் சாய்வாகப் போவதால் தேய்மானம் பங்கு பிரிந்துவிடுகிறது. கண்டாங்கிக் கட்டங்கள் கிராஸில் வைரமாகத் திரும்பி, அரக்கும் கடுகு மஞ்சளும் மாறி மாறி வருவது கூடுதல் லாபம்.

கரை பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது, எனக்கே பிடிக்கும். ஆனால் நெருக்கி நெய்த துணி. நாலு மடிப்பு சேரும் மூலையில் கட்டையாக நிற்கிறது, கை ஊசி இறங்க மறுக்கிறது. அதுவும் நேர்ப்பட்டிதான் என்பதால் விளிம்பில் நிறம் வெளுத்துக் கோடு தெரிகிறது. சுவரில் மாட்டுவதற்கு வேண்டுமானால் கரை வையுங்கள்.

கிராஸ் பட்டியில் இதுவரை நைந்தது தலைமாட்டுப் பக்கம் மட்டும், எண்ணெய்த் தலையும் இழுக்கிற கையும் படும் இடம். அதற்காக முழுப் பட்டியையும் பிரிக்கத் தேவையில்லை. நைந்த இடத்துக்கு இருபுறமும் ஒரு சாண் தள்ளி ஹெம்மிங்கையும் மிஷின் தையலையும் பிரித்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, புதுக் கிராஸ் துண்டை அதே மூலைவாட்டு இணைப்பில் சேர்த்துவிடலாம். சேலையில் மிச்சத் துணி இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், அதுவும் போர்வையோடு சேர்த்துத் துவைத்ததாக இருந்தால் நிறம் ஒத்துப்போகும்.