கிளப் சாண்ட்விச்சும் சிப்ஸும்: ஹோட்டல் பாரா, பப்பா?

வாட்டிய பாண் துண்டுகள் மூன்றுக்கு நடுவே கோழி, பேக்கன், முட்டை, தக்காளி அடுக்கி, நான்கு முக்கோணமாக வெட்டிக் குச்சி குத்தித் தருவதுதான் கிளப் சாண்ட்விச். கொழும்பில் அது இரண்டு வீட்டுப் பிள்ளை. ஒரு வீடு காலி முகத்திடல், கோட்டைப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களின் பார். மற்றது கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி வழியே ரக்பியும் கிரிக்கெட்டும் ஓடும் திரைக்குக் கீழே பியரோடு சாப்பிடும் பப். பெயர் ஒன்றுதான், செய்முறை வேறு. பொதுவாகச் சாண்ட்விச்சுக்கு ஹோட்டல் பாரும், சிப்ஸுக்குப் பப்பும் முன்னால் நிற்கின்றன. காரணம் இரண்டிலும் ஈரம்தான்.

1889இல் நியூயோர்க் பத்திரிகை ஒன்று யூனியன் கிளப் சாண்ட்விச்சைப் பற்றி எழுதியபோது அதில் இருந்தவை வாட்டிய பாண் துண்டுகள் இரண்டு, நடுவே வான்கோழி அல்லது கோழி, கூடவே ஹாம், சூடாகப் பரிமாறுவது. மூன்றாவது துண்டு பிறகு வந்து சேர்ந்தது. ஆகவே உயரத்தைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. பாண் மொறுமொறுப்பாக, உள்ளே இளஞ்சூடாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

காற்றில் ஈரம் குறையாத கொழும்பில் அது லேசான காரியமல்ல. துண்டு ஒன்று ஒரு சென்டிமீட்டர் தடிப்பு இருக்கலாம், அதற்கு மேல் போனால் வாய்க்குள் பாண் மட்டுமே மிஞ்சும். இரண்டு பக்கமும் வாட்டி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், ஒரு நிமிடம் சாய்த்து நிறுத்தி ஆவியைப் போகவிட வேண்டும். சூட்டோடு அடுக்கினால் அந்த ஆவி பாணுக்குள்ளேயே திரும்பும். பப்புகளில் அடிக்கடி நடக்கும் பிழை, தட்டைக் கல்லில் மாஜரின் பூசி ஒரு பக்கம் மட்டும் வாட்டுவது. முதல் கடி அருமையாக இருக்கும், ஐந்தாவது நிமிடத்தில் நடுத்துண்டு பிட்டுப் போலக் கலைந்துவிடும். சீனி கூடிய சாண்ட்விச் பாண் இன்னொரு பொறி: உள்ளே காய்வதற்கு முன்பே மேலே சிவந்துவிடும். ரோஸ்ட் பாணில் ருசி உண்டு, ஆனால் அதன் ஓட்டைகள் வழியே மயோனைஸ் ஒழுகும். இந்த வேலைக்கு அச்சுப் பாண்தான் சரி, அதுவும் முதல் நாள் சுட்டதாக இருந்தால் நல்லது.

சோதிக்க வழி சுலபம். நான்கு முக்கோணத்தில் ஒன்றின் குச்சியை உருவி, நடுத்துண்டை மட்டும் வெளியே எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். தாங்கினால் சமையலறைக்கு வேலை தெரியும். குழைந்தால் மற்ற மூன்றும் அப்படித்தான்.

கோழியில் தீர்ப்பு அவ்வளவு நேரானதல்ல. ஹோட்டல் பாரில் ரோஸ்ட் செய்த நெஞ்சிறைச்சியைத் துண்டு துண்டாக அடுக்குவார்கள். பார்க்க வடிவு, கடித்தால் துண்டுகள் வழுக்காது. ஆனால் குளிர்பெட்டியிலிருந்து நேரே வந்தால் உப்புக்கூட நாக்கில் படாது, போதாக்குறைக்குச் சூடான பாணோடு சேர்ந்து வியர்க்கும். பப்பில் அவித்த கோழியை உதிர்த்து மயோனைஸில் பிசைவார்கள். 100 கிராம் கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ் போதும். அதைப்போல் மூன்று மடங்கு போடுவது காய்ந்துபோன கோழியை மறைக்கத்தான், தக்காளியின் நீர் அதில் சேர்ந்தால் எல்லாமே பின்பக்கமாகச் சரியும். அதே பப் கோழியில் மிளகும் பொடியாக அரிந்த பச்சை மிளகாயும் இருந்தால் ருசியில் ஹோட்டலைத் தோற்கடித்துவிடும். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

முட்டையிலும் பப்பின் வழிதான் நல்லது. வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட மெல்லிய ஒம்லெட் பாணின் அளவுக்கு மடிந்து உட்காரும். ஹோட்டலின் பொரித்த முட்டையில் மஞ்சள் கரு இறுகாவிட்டால் குச்சி குத்திய இடத்திலேயே உடைந்து கீழ்த்தட்டை நனைக்கும்.

பேக்கன் பன்றியா கோழியா என்று முதலே கேளுங்கள். ஹலால் சமையலறைகளில் கோழி பேக்கன்தான் வரும். கொழுப்புக் குறைவானதால் அது மொறுக்காது, அதிக நேரம் வாட்டினால் தோலாகும். தக்காளியை உப்புத் தூவி ஐந்து நிமிடம் தாளில் வைத்து ஒற்ற வேண்டும். சலாது இலை உலர்ந்திருக்க வேண்டும், அதன் இடம் பாணுக்கும் தக்காளிக்கும் நடுவே. இந்தப் பொறுமை பப்புகளில் குறைவு.

இனிச் சிப்ஸ், அதாவது நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு. ‘கையால் வெட்டியது’ என்று ஹோட்டல் பட்டியலில் பார்த்ததும் மனம் அந்தப் பக்கம் சாயும். அங்கேதான் ஏமாற்றமும். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் பெரும்பாலும் விளையும் கிரனோலா என்ற கிழங்கு இனத்தில் உலர்பொருள், அதாவது நீர் போக மிஞ்சும் பங்கு, குறைவு. கறிக்குத் திறம், சிப்ஸுக்குத் தொய்வு. கடும் குளிரில் வைத்த கிழங்காக இருந்தால் மாப்பொருள் சீனியாக மாறி, உள்ளே வேகுமுன் வெளியே கருகும். இவற்றைச் சமாளிக்க ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, தண்ணீர் தெளியும்வரை கழுவி, துடைத்து, 130–140 பாகை செல்சியஸில் ஐந்தாறு நிமிடம் பொரித்து, ஆறவிட்டு, மறுபடி 185 பாகையில் இரண்டு நிமிடம் பொரிக்க வேண்டும். ஒரே பொரியலில் முடித்தால் மேசைக்கு வரும்போதே தலை தொங்கும்.

உறைநிலைச் சிப்ஸைக் கேவலமாகப் பார்க்கத் தேவையில்லை. உலர்பொருள் கூடிய கிழங்கைத் தெரிந்து, வெந்நீரில் வாட்டி, உலர்த்தி, அரைவாசி பொரித்த பிறகே உறைய வைக்கிறார்கள். பப்புக்கு மிஞ்சுவது கடைசிப் பொரியல் மட்டும்: உறைந்தபடியே 175–180 பாகையில் ஏறத்தாழ மூன்று நிமிடம், கூடை பாதிக்கு மேல் நிரம்பாமல். மேட்ச் நடக்கும் இரவில் கூடையை நிரப்பிவிடுவார்கள். எண்ணெயின் சூடு விழும், சிப்ஸ் எண்ணெய் குடிக்கும். ஒன்றை நுனியில் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள், வளையாமல் நிற்க வேண்டும். ஏழு நிமிடம் கழித்தும் அப்படியே நின்றால் முழுப் புள்ளி கொடுக்கலாம்.

பப்பின் பெரிய குறை எண்ணெய்தான். ஹொட் பட்டர் கணவாய் பொரிக்கும் அதே எண்ணெயில் சிப்ஸும் விழும். கணவாயில் ஒட்டிய மா உதிர்ந்து அடியில் கருகி, எண்ணெயைக் கசக்க வைக்கும், சிப்ஸில் கடல் வாடை ஏறும். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிறவர்கள் சிப்ஸ்தானே என்று எடுத்துவிட வேண்டாம், தனி எண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிமாறும் விதத்தில் இரு பக்கமும் பிழை உண்டு. உயரமான தகரக் குவளையில் நிரப்பினால் அடியில் உள்ளவை ஆவியில் அவிந்துவிடும். சாண்ட்விச்சின் காலடியில் குவித்தால் அதே ஆவி பாணை நனைக்கும். கம்பிக் கூடை நல்லது, இல்லாவிட்டால் சிப்ஸை வேறு கோப்பையில் கேட்கலாம். மூடிய பெட்டியில் வீட்டுக்கு வரவழைப்பதை இந்த உணவுக்கு யோசிக்கவே வேண்டாம்.

பட்டியல் விலையையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். 1000 ரூபாவுக்கு 10 வீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் 18 வீத வற் வரியும் சேர்ந்தால் 1298 ரூபா. சில பப்புகளின் பட்டியலில் எல்லாம் அடங்கியிருக்கும், சிலவற்றில் இராது. ஓர்டர் கொடுக்குமுன் பட்டியலின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள்.